விலாசம் வேண்டும்!

செட்டிநாட்டில் 'விலாசம்' என்ற சொல்லுக்குத் தபால்காரர் அறிந்த பொருளைவிடப் பெரியதொரு பொருள் உண்டு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் கொண்டு விற்கப் போன நகரத்தார்கள், பாட்டனார் பெயர், தகப்பனார் பெயர் இவற்றின் முதலெழுத்துக்களைக் கோத்துத் தங்கள் தொழிலுக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்துக் கோவைக்குத்தான் விலாசம் என்று பெயர். ஏஜெண்டு கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் காலக்கிரமத்தில் மாறுவார்கள். விலாசம் மட்டும் மாறாது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் நம்பியது கடையில் உட்கார்ந்திருந்த மனிதரை அன்று, விலாசத்தையே நம்பினார்கள்.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது வட்டிக்கடை விஷயமன்று, கால்பந்து விஷயம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆசியாக் கண்டத்தின் சாம்பியன் கழகங்களுக்கென்று முதன்முதலில் நடந்த பந்தயங்களின் வரலாற்றைப் பார்க்கும்போது, நமது தேசத்துக்கு ஆட்டக்காரர்கள் குறைவாக இருந்ததாகத் தோன்றவில்லை. விலாசமே குறைவாக இருந்தது.

* * *

ஒரு தேசத்தின் கோஷ்டி வேறு. ஒரு கழகத்தின் கோஷ்டி வேறு. தேசத்தின் கோஷ்டி ஆண்டில் சில நாள் கூடும், ஆடும், கலையும். கழகமோ வருஷம் முழுவதும் இருப்பது. அதற்கு ஒரு மைதானம், ஒரு கணக்குப் புத்தகம், வென்றாலும் தோற்றாலும் விடாமல் வந்து நிற்கும் ஜனங்கள், அடுத்த தலைமுறைக்குப் பழகிக்கொண்டிருக்கும் சிறுவர்கள் எல்லாம் வேண்டும். இப்படிப்பட்ட கழகங்களில் எது சிறந்தது என்று பார்க்க ஐரோப்பாவில் 1955இல் ஒரு பந்தயம் ஏற்படுத்தினார்கள். தென் அமெரிக்காவில் 1960இல் ஏற்பட்டது. ஆசியக் கால்பந்து சம்மேளனம் மணிலாவில் 1954இல் ஸ்தாபிக்கப்பட்டது. இந்தியாவும் அதன் மூல அங்கத்தினர்களில் ஒன்று. அந்தச் சம்மேளனத்தின் ஆதரவில் ஆசியச் சாம்பியன் கழகங்களின் முதல் போட்டி 1967 டிசம்பரில் பாங்காக் நகரில் நடந்தது.

இறுதிப் பந்தயத்தில் மோதியவை இஸ்ரேல் தேசத்து ஹப்போயல் டெல் அவீவ் கழகமும் மலேசியாவின் சிலாங்கூரும். இஸ்ரேல் அப்போது ஆசியச் சம்மேளனத்தில் அங்கம் வகித்து வந்தது. 2-1 என்ற கோல் கணக்கில் ஹப்போயல் வென்றது.

சிலாங்கூர் என்றால் நமக்கு அந்நிய இடமா? அந்நாளில் கோலாலம்பூரும் சிலாங்கூர் மாநிலத்துக்குள்ளேதான் இருந்தது. கிள்ளானும் அங்கேதான் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் எத்தனை பெட்டகங்களில் அந்த ஊர்ப் பெயர்கள் எழுதிய கணக்கேடுகள் கிடக்கின்றன! வணிகர்களும் தோட்டத் தொழிலாளிகளுமாய்த் தமிழர்கள் குடியேறிய மண் அது. பிற்காலத்தில் அதே சிலாங்கூர்க் கோஷ்டியின் கோல்காப்பாளராய் நின்று, எம்பிப் பிடிக்கும் சாமர்த்தியத்தால் 'ஸ்பைடர்மேன்' என்று மலேசியர் அனைவராலும் அழைக்கப்பட்டவர் ஆர். ஆறுமுகம் என்ற தமிழர். 1988இல் மோட்டார் விபத்தில் அவர் மாண்டபோது அந்தத் தேசமே துக்கப்பட்டது.

ஆகவே, ஆசியாவின் முதல் கழகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற ஊரில் நம்மவர் இருந்தார்கள். ஆனால் நமது ஊர்க் கழகம் ஒன்று அந்த வரிசையில் நிற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

* * *

இரண்டாவது போட்டி 1969 ஜனவரியில் மறுபடியும் பாங்காக்கில் நடந்தது. இந்த முறை இந்தியாவின் சார்பில் சென்றது எது தெரியுமா? மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை, மைசூர் மாநிலக் கோஷ்டி!

காரணம் இருக்கிறது. நமது தேசத்தில் டியூராண்டு கோப்பை 1888 முதல் நடக்கிறது. பெயர் பெற்ற கழகங்களும் இருந்தன. மோகன் பகான் 1911இல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியை ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில் முறியடித்தபோது, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அந்த வங்காளி இளைஞர்களைத் தேசம் முழுவதும் கொண்டாடிற்று. ஆயினும், தேசம் முழுவதிலும் உள்ள கழகங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, 'இதுவே இந்தியாவின் சாம்பியன் கழகம்' என்று சொல்லக்கூடிய லீக் பந்தயம் அன்று இல்லை. 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பைதான் தேசியச் சாம்பியன் பட்டமாக விளங்கியது. அதில் ஆடுவன மாநிலங்கள். மைசூர் அப்போது அடுத்தடுத்து இரண்டு முறை சந்தோஷ் கோப்பையை வென்றிருந்தது. எனவே, கழகங்களின் போட்டிக்கு நாம் மாநிலத்தை அனுப்பினோம்.

மைசூர்க் கோஷ்டியை நாம் குறை சொல்லவில்லை. ஆசியாவின் முதல் நான்கு கோஷ்டிகளில் ஒன்றாக வந்தது சாமானியமான காரியமன்று. மூன்றாமிடத்துக்கான பந்தயத்தில் ஜப்பானின் டோயோ கோக்யோவிடம் 0-2 என்று தோற்று நான்காமிடம் பெற்றது. முதலிடம் மக்காபி டெல் அவீவுக்கு. இரண்டாமிடம் தென் கொரியாவின் யாங்ஸீ கோஷ்டிக்கு.

இந்த நான்கில் மூன்றின் பிற்காலக் கதையைத் தொடர்ந்து பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

டோயோ கோக்யோ என்பது ஹிரோஷிமா நகரத்து மோட்டார் கம்பெனி ஒன்றின் கோஷ்டி. மாஸ்தா என்ற பெயரில் கார் செய்கிறவர்கள் அவர்கள்தாம். 1938இல் பிறந்த அக்கழகம் அணுகுண்டு விழுந்த நகரிலிருந்து மீண்டும் எழுந்தது. ஜப்பானில் தொழில்முறை லீக் ஏற்பட்டபோது சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா என்று பெயர் சூட்டிக்கொண்டது. 2012, 2013, 2015 ஆகிய வருஷங்களில் ஜப்பானின் சாம்பியனாயிற்று. பெயர் மாறினாலும் வேர் மாறவில்லை.

யாங்ஸீயின் கதை வேறு. 1966இல் உலகக் கோப்பைப் போட்டியில் வட கொரியா இத்தாலியைத் தோற்கடித்துக் கால் இறுதி வரை சென்றது. அதைப் பார்த்துத் தென் கொரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1967இல் அந்நாட்டு ரகசிய உளவு ஸ்தாபனமே முன்னின்று தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரு கோஷ்டியை உண்டாக்கிற்று. அதுதான் யாங்ஸீ. சர்க்காரின் பணம், சர்க்காரின் பயிற்சி, சர்க்காரின் கட்டளை! ஆசியாவில் இரண்டாமிடம் வரை வந்த அந்தக் கோஷ்டி 1970இல் கலைக்கப்பட்டது. கட்டளையால் பிறந்தது கட்டளையாலேயே மறைந்தது.

மைசூர்க் கோஷ்டி கலைக்கப்படக்கூட இல்லை. பல கழகங்களில் ஆடியவர்கள் அந்தப் பந்தயத்துக்காகச் சேர்ந்தார்கள். பந்தயம் முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். பாங்காக்கில் பெற்ற அனுபவத்தை இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை.

மாநிலக் கோஷ்டி என்பதாலேயே அது கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சிலாங்கூரும் மாநிலத்தின் பெயரைத் தாங்கியதுதானே! ஆனால் மலாய் நாட்டில் மாநிலக் கோஷ்டிகளே கழகங்களாக வாழ்ந்தன. 1921இல் தொடங்கிய மலாயாக் கோப்பைக்காக அவை வருஷந்தோறும் மோதின. ஊர் ஜனங்கள் வருஷந்தோறும் காத்திருந்தார்கள். இப்போது மலேசியக் கோப்பை என்று பெயர் பெற்றுள்ள அதை 33 முறை வென்ற பெருமை சிலாங்கூருக்கு உண்டு. பெயர் எதுவானாலும் சரி, தொடர்ச்சிதான் முக்கியம்.

* * *

மூன்றாவது போட்டி 1970இல் டெஹ்ரானில் நடந்தது. இந்தியாவின் சார்பில் இப்போது வங்காள மாநிலம் சென்றது. லெபனானின் ஹோமெனெட்மென் கழகம் அரையிறுதியில் இஸ்ரேலியக் கழகத்தோடு ஆட மறுத்துவிட்டது. இறுதியில் ஈரானின் தாஜ் கழகம் ஹப்போயலை 2-1 என்று வென்றது. 1979 புரட்சிக்குப் பிறகு 'தாஜ்' என்ற ராஜ முத்திரை கொண்ட பெயர் போய், அதே கழகம் 'எஸ்தெக்லால்' ஆயிற்று. சுதந்திரம் என்று பொருள். முடி போன பின்னும் கழகம் போகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நான்காவது போட்டி 1971இல் பாங்காக்கில் நடந்தது. இறுதிப் பந்தயத்துக்கு ஈராக்கின் போலீஸ் கோஷ்டி தகுதி பெற்றது. எதிரே மக்காபி டெல் அவீவ். ஈராக்கியர் ஆட மறுத்தார்கள். ஒரு கோல்கூட அடிக்காமல் மக்காபி ஆசியச் சாம்பியன் ஆயிற்று! அடுத்த போட்டி நடக்கவேயில்லை. 1974இல் இஸ்ரேல் ஆசியச் சம்மேளனத்திலிருந்து விலக்கப்பட்டது. கழகப் போட்டி மறுபடி உயிர் பெற்றது 1985இல்தான்.

ஈராக்கியர் செய்தது நியாயமா, அநியாயமா என்ற விவகாரத்தில் நாம் இறங்கப் போவதில்லை. சொந்த நாட்டின் மானத்துக்காகக் கோப்பையைத் துறப்பவர்களின் மனம், அடிமைத்தளையில் கிடந்து விடுபட்ட நமக்குப் புரியாததன்று. ஆனால் பெரியவர்களின் சண்டையில் மைதானம் பூட்டப்படும்போது தண்டனை யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோகுலம் கேரளா மகளிர் கோஷ்டி, ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் நகரில் போய் இறங்கிவிட்டது. அதே சமயத்தில் நிர்வாகக் குழப்பங்களின் பொருட்டு உலகச் சம்மேளனமாகிய ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தைத் தள்ளி வைத்தது. ஆகஸ்ட் 26ஆம் தேதி தடை நீங்கிற்று. அதற்குள் போட்டி தொடங்கி அவர்களுடைய வாய்ப்புப் போய்விட்டது. பந்தைத் தொடாமலே அந்தப் பெண்கள் திரும்பி வந்தார்கள். எந்தத் தவறும் அவர்களுடையதன்று.

* * *

இனி நமது மாகாணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆட்டக்காரர்களுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு தேசத்துக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலை அடித்தவர் தஞ்சை மண்ணின் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பின் இன்றுவரை ஒலிம்பிக் மைதானத்தில் இந்திய ஆடவர் கோல் அடித்ததில்லை. ஏனெனில் அதற்குப் பின் நாம் அங்கே போகவேயில்லை.

தேசத்தில் கழகங்களுக்கான ஏற்பாடுகளும் மெள்ள மெள்ள வந்தன. 1977இல் பெடரேஷன் கோப்பை, 1996இல் தேசிய லீக், 2007இல் ஐ-லீக், 2014இல் இந்தியன் சூப்பர் லீக். 1969இல் பாங்காக் சென்ற மைசூரின் மண்ணிலேயே 2013இல் பெங்களூரு எஃப்.சி. தோன்றி, 2016இல் ஏ.எப்.சி. கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை சென்றது. அது ஆசியாவின் இரண்டாம் படிக் கோப்பைதான். ஆனாலும் அந்த இறுதியில் ஆடிய முதல் இந்தியக் கழகம் அதுவே.

பிறகு 2019ஆம் வருஷம் வந்தது. தமிழ்நாட்டுக் கால்பந்தின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய வருஷம் அது. ஆனால் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? மார்ச் மாதத்தில், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில், சென்னை சிட்டி கழகம் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்னே தள்ளிற்று. மே மாதத்தில் லூதியானாவில், சேது எஃப்.சி. மகளிர் தேசிய லீக்கை வென்றது. மதுரைக்குத் தெற்கே காரியாபட்டியில், பொறியியற் கல்லூரி ஒன்றின் நிழலில் வளர்ந்த கழகம் சேது. ஒரே பருவத்தில் ஆடவர் பட்டமும் மகளிர் பட்டமும் தமிழ் மண்ணுக்கு வந்தன!

அதன் பலனாக 2020 ஜனவரியில் சென்னை சிட்டி ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடியது. பஹ்ரைன் தேசத்து ரிஃபா கழகத்திடம் 0-1 என்று தோற்றது. ஆயினும் என்ன? பாங்காக்கில் தொடங்கிய அந்த வரிசையில், 53ஆம் வருஷத்தில், தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வந்து நின்றுவிட்டது. ஆசியாவின் இரண்டாம் கோப்பையிலும் அவ்வாண்டு அதற்கு இடமிருந்தது. கொரோனாத் தொற்று அதை நடுவில் நிறுத்தியது. 2020-21 பருவத்துக்குப் பிறகு தேசிய லீகில் அந்தக் கழகத்தின் பெயரையே காணோம். சாம்பியனாகி இரண்டே வருஷம்! சேது கழகத்துக்கோ ஆசியாவின் வாசல் அந்த வருஷம் திறக்கவேயில்லை. 2019இல் நடந்த முதல் மகளிர் கழகப் போட்டியில் ஜப்பான், கொரியா, சீனா, ஆஸ்திரேலியா என்ற நான்கு தேசங்களுக்கே இடம். ஆனால் காரியாபட்டிப் பெண்கள் கலைந்துவிடவில்லை. 2021-22இல் தேசிய லீகில் இரண்டாமிடம் பெற்றார்கள். பிந்திய பருவங்களிலும் ஆடி வந்தார்கள்.

முதலாவதற்கு ஆசியா வாசலைத் திறந்தது, வீடு நிலைக்கவில்லை. இரண்டாவதற்கு வாசல் திறக்கவில்லை, வீடு நின்றது. எது பெரிய பாக்கியம் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

* * *

இதற்குப் பணம் வேண்டுமே என்று சொல்வார்கள். வேண்டும்தான். ஆனால் பணம் மட்டும் போதுமா என்பதற்குச் செட்டிநாட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபோதும், பின்னர் அந்தத் தேசம் சுதந்திரம் பெற்று நிலங்களைத் தேசியமாக்கியபோதும், நூறாண்டு நம்பிக்கை பெற்ற விலாசங்கள் பல மண்ணோடு மண்ணாயின. அரண்மனை போன்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்போது எவை நிலைத்தன? கோயில்கள் நிலைத்தன; பாடசாலைகள் நிலைத்தன. ஒருவருடைய சொத்தாக இருந்தவை போயின. ஊரின் தர்மமாக இருந்தவை நின்றன.

அந்தத் தர்மங்கள் நடந்த விதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மணமான ஒவ்வொரு குடும்பமும் நகரத்தாருக்குள் ஒரு 'புள்ளி'. கோயில் காரியத்துக்குப் புள்ளி வரி உண்டு. தொழிலில் வரும் வருமானத்திலிருந்து மகமை உண்டு. லட்சாதிபதிக்கும் சிறு கடைக்காரருக்கும் புள்ளி ஒன்றுதான். அதனால் இருவருக்கும் கணக்குக் கேட்க உரிமை ஒன்றுதான். தனி மனிதரின் கொடையும் இல்லாமலில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலையில் பண்டித நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். 1957இல் அழகப்பர் மறைந்தார். அவருடைய கல்விச் சாலைகள் வளர்ந்து 1985இல் பல்கலைக்கழகமே ஆயின. ஸ்தாபனத்தை ஊருக்கென்று எழுதி வைத்ததால் அவர் போன பின்னும் அது வளர்ந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. செம்மண் பொட்டல்களுக்கும் இப்பக்கத்தில் குறைவில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டில் காளையை எதிர்கொள்ளும் இளைஞர்களின் காலுக்கு வேகம் கற்றுத் தரவேண்டியதில்லை. 2024 முதல் காரைக்குடி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. இல்லாதது என்ன? ஊருக்குச் சொந்தமான ஒரு கழகம்.

நாம் சொல்வது பெரிய திட்டமன்று. வீட்டுக்கு ஒரு புள்ளியாக வருஷத்துக்கு ஒரு சிறு தொகை. ஜாதி, மதம், தெரு என்ற பேதம் பாராமல் எவரும் புள்ளியாகலாம். வருஷத்தில் ஒரு நாள், எல்லோரும் கேட்கும்படி வரவு செலவு படிக்க வேண்டும். பெரிய கோஷ்டிக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் இரண்டு கோஷ்டிகள் அமைக்க வேண்டும். முன்னாள் பெட்டியடிப் பையன் சிறுகச் சிறுகக் கற்று மேலாளாக உயர்ந்தது போல, அவர்கள் அங்கேயே பழகி, அங்கேயே ஆடி, பிறகு அங்கேயே பழக்கிக் கொடுக்க வேண்டும். வெளியூர் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவதை முதல் பத்து வருஷம் மறந்துவிடலாம். புரவலர் எவர் வந்தாலும் வரவேற்கலாம். ஆனால் கழகத்தின் பெயரையும் மைதானத்தையும் அவர் பேரில் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

பத்து வருஷத்தில் இந்தக் கழகம் ஆசியாவுக்குப் போய்விடும் என்று நாம் ஜோசியம் சொல்லவில்லை. சிவகங்கை ஜில்லாவைத் தாண்டாமலும் போகலாம். ஹிரோஷிமாக் கழகம் பாங்காக்கில் மூன்றாமிடம் பெற்றதற்கும் ஜப்பானிய லீக்கை 2012இல் வென்றதற்கும் இடையே 43 வருஷங்கள் கழிந்தன என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கோப்பை வெள்ளியால் செய்தது. வெல்பவர் வீட்டில் ஒரு வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் வேறு வீடு போகும். தங்கள் ஊர் மைதானத்தில் மாலை வெயிலில் பந்து உதைக்கும் பெண்ணும் பையனும், 'எந்தக் கழகம்?' என்று யாராவது கேட்டால் தலை நிமிர்ந்து சொல்ல ஒரு பெயர் வேண்டும். வருகிற பொங்கலுக்குள் முதல் நூறு புள்ளிகளைச் சேர்க்கக் காரைக்குடியில் எவரேனும் முன்வருவார்களா?